மைனஸ் இருபதில் ஓர் அமாவாசை

“குளிரு தாங்காட்டி ஒடம்பு மொதல்ல எதைக் கைவிடும், சொல்லுங்க பாக்கலாம்?”

சூலூர்ப் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று சண்முகப்ரியாவிடம் சூப்பர்வைசர் யஷ்வந்த் இப்படித்தான் கேட்டார். அவள் மூக்கு என்றாள்.

“வெரலுங்க. நெஞ்சைக் காப்பாத்த ரத்தம் உள்ள போயிரும். நடுங்குனா பயமில்ல. குளிருக்குள்ளயே நடுக்கம் நின்னுபோச்சுனாத்தான் மோசம். உடனே மணிய அடிச்சுருங்க.”

இருவர் இருவராகத்தான் உள்ளே போக வேண்டும். இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே. உள்ளே ஒருமுறை முடியாமல் போனவரை மறுபடி விடமாட்டார்கள். அங்கே வேறு வேலையும் கிடையாது.

அவளுக்கு ஜோடி பூவாத்தாள். ஐம்பது வயது, கனத்த உடம்பு. “எங்கூட்டுக்காரரு மூஞ்சிக்கு இந்தக் குளிரு எவ்வளவோ தேவல கண்ணு” என்பாள்.

ஆடி அமாவாசையன்று பூவாத்தாள் ஈரக் கொண்டையோடு வந்தாள்.

“ஏனுங்கக்கா, தலை காயவே இல்லீங்களே?”

“அமாவாசைக்குத் தண்ணி வாத்துக்காம வர முடியுமா? குல்லாவுக்குள்ள காஞ்சுக்கும்.”

விரதம் வேறு. சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை பச்சைத் தண்ணீர்தான்.

மூன்றாவது முறை உள்ளே போனபோது பூவாத்தாளின் பற்கள் தந்தியடித்தன. பரோட்டா அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ப்ரியாவுக்குச் சற்று நேரத்தில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினாள். பூவாத்தாளின் கையிலிருந்த பெட்டி நழுவி விழுந்தது. அதை எடுக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, எந்திரிங்க.”

“இப்பக் குளிரே தெரியல கண்ணு.” நாக்கு குழறியது.

ப்ரியா அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். கால்கள் ஊன்றவில்லை. அவள் பார்வை கதவோரத்துச் சிவப்பு மணிப் பொத்தானுக்குப் போனதைப் பூவாத்தாள் கண்டுகொண்டாள்.

“மணி மட்டும் அடிச்சுப்போடாத அம்மணி. இந்த வேலையும் போச்சுனா நான் எங்க போவேன்?”

ப்ரியா இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

நான்கு பேர் வந்து தூக்கினார்கள். ஈரக் குல்லாவைக் கழற்றித் தலையைத் துவட்டி, கம்பளி போர்த்தினார்கள். ப்ரியா இனிப்பான டீயை வாய்க்குக் கொண்டுபோனாள். பூவாத்தாள் ஒரு கணம் தயங்கினாள், பிறகு குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் திரும்பியது. யஷ்வந்த் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

நடுக்கம் அடங்கியதும் பதிவேட்டில் பெயரை எழுதினார்.

“டாக்டர்கிட்டக் காட்டிப்போடலாம், வண்டி வருதுங்க. ஆனா இனி உங்கள உள்ள விட முடியாதுங்க. தப்பா நெனைக்காதீங்க.”

பூவாத்தாள் கம்பளியை மடித்து வைத்தாள். வண்டி வாசலில் வந்து நின்றது.

“அக்கா, நானும் கூட வாரனுங்க,” என்றாள் ப்ரியா.

பூவாத்தாள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ப்ரியாவின் முகத்தைப் பார்க்காமலே நடந்துபோய் வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.