சமதரைக்கு ஒரு சக்கரம்

எங்கள் வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஓர் ஆணி உண்டு. அதில் பூமாலை தொங்காது. என் அண்ணன் ரயனின் சைக்கிள் பின்சக்கரம் தொங்கும். சிரிக்காதீர்கள். புனேவின் கட்கியில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. கண்டாளா மலைப்பாதைப் பந்தயத்தில் அண்ணன் இரண்டாவதாக வந்தபோது மாட்டியிருந்த சக்கரம் அது. மம்மி அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஃபாதரை விடாமல் பிடித்து, தீர்த்தம் தெளிக்க வைத்துவிட்டுத்தான் வந்தாள். அதற்கப்புறம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தச் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மாத்திரையே கொடுப்பாள்.

எனக்கும் சைக்கிள்தான் பைத்தியம். கசார்வாடியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. கட்கியிலிருந்து பழைய மும்பை ரோட்டில் தினமும் சைக்கிளில்தான் போய்வருவேன். என் சம்பளத்தில் நானே வாங்கிய ரேஸ் சைக்கிள். மகாராஷ்டிரா அணியில், கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியாக ஓட்டும் பந்தயத்துக்குப் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். நகை வேண்டாம், மாப்பிள்ளை வேண்டாம், அது வேண்டும். தொண்ணூற்றைந்தாம் வருஷத் தேர்வில் தேஜஸ்வினி என்கிற பெண் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருஷம் நான் மாட்டிக்கொண்டு போனது அண்ணனின் சக்கரத்தைத்தான். "மந்திரிச்ச சக்கரம் வீட்ல இருக்கும்போது வேற எதுக்குடீ?" என்று மம்மி பிடிவாதமாக மாட்டவைத்தாள். மலையேறும் சக்கரத்தில் கியர்கள் தாவித் தாவிப் போகும். பதினான்கு பல், அடுத்தது பதினேழு, அதற்கடுத்தது இருபது, அப்படியே இருபத்தெட்டு வரை. பல் குறைந்தால் பெடல் கனக்கும், ஆனால் வேகம் வரும். பல் கூடினால் பெடல் லேசாகும், ஆனால் கால்தான் சுற்றும். மலையில் அந்த இருபத்தெட்டு இல்லாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தேர்வு கசார்வாடியிலிருந்து தேஹு ரோடு வரை போய்த் திரும்புவது. அதில் மலைக்கு எங்கே போவது? சமதரை. நிக்டிப் பக்கம் கொஞ்சம் மேடு, கொஞ்சம் இறக்கம், அவ்வளவுதான். எதிர்க்காற்றில் பதினான்கில் போட்டால் தொடை எரிந்தது. பதினேழில் போட்டால் கால் காற்றாடியாகச் சுற்றியது, வண்டி நகரவில்லை. நடுவில் ஒன்று இருந்திருந்தால்! வழி முழுக்க இரண்டுக்கும் நடுவே அல்லாடியே தோற்றேன்.

"உனக்கு விசுவாசம் பத்தலை" என்றாள் மம்மி. எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் அவள் போட்ட டீயைக்கூடத் தொடவில்லை.

அடுத்த வருஷத் தேர்வுக்கு முன் ரவிவார் பேட்டையில் முகமது ரஃபீக்கின் சைக்கிள் கடைக்குப் போனேன். சிங்கட் ஏறவா, லோணாவளா ஏறவா என்றுதான் அவர் முதலில் கேட்டார். புனேவில் சைக்கிள் என்றாலே எல்லோருக்கும் மலைதான் ஞாபகம் வரும். சமதரையில் வேகமாக ஓட்ட வேண்டும், பற்கள் ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்றேன். அப்படி யாரும் கேட்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டே, பரண்மேல் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு பல்சக்கரக் கொத்து. பதிமூன்றிலிருந்து பதினெட்டு வரை, நடுவில் ஒரு பல்கூட விட்டுப்போகாமல் ஆறு கியர். என் பழைய பின்சக்கரத்தில் அதை அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அரே, என்னடி இது? புட்டா மாதிரி இருக்கு!" மழைக்காலத்தில் தெருமுனையில் சுட்டு விற்கும் சோளக்கதிரை எங்கள் வீட்டில் புட்டா என்போம். நெருக்கமாக, கூம்பாக, உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் அவன் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

"இதுல லேசான கியரே இல்லையே. ஏத்தம், சடாய் வந்தா என்ன பண்ணுவே?" என்றான்.

"எங்க சடாய் வருது? கசார்வாடிக்கும் தேஹு ரோடுக்கும் நடுவுல கண்டாளாவைக் கொண்டாந்து வெச்சிருக்காங்களா?"

"இல்லடி, சேஃப்டிக்கு ஒண்ணு இருக்கணும்ல."

"வெயில் காயற அன்னிக்குக் குடையைப் பிடிச்சிக்கிட்டு ஓடச் சொல்றியா?"

மம்மி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "ஃபாதர் மந்திரிச்சது அங்க தொங்குது. அதை விட்டுட்டு எவனோ பரண்ல போட்ட குப்பையை மாட்டிக்கிட்டுப் போறியா? தோத்துட்டு வந்து என் மடியில அழாதே."

"மம்மி, அது சமதரைன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

மம்மி சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். டாடி செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எனக்கோ வாய் நிற்கவில்லை. "இந்தச் சக்கரத்துல நான் தோத்தா, சைக்கிளையே அண்ணனுக்குக் கொடுத்துடறேன். இனிமே தொடவே மாட்டேன். ஜெயிச்சா, வருஷம் பூரா என் சைக்கிளைத் துடைச்சு எண்ணெய் போடறது அவன் வேலை. சரியா?"

"டன்!" என்று அண்ணன் கையை நீட்டினான். அடித்துக் கொடுத்தேன். ராத்திரி படுத்த பிறகு எழுந்து போய் சைக்கிளைத் தடவிப் பார்த்தேன். அந்த சைக்கிளை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

ஜூன் கடைசி ஞாயிறு. முதல் மழை பெய்து ஓய்ந்து, விடியும்போதே மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. போகும்போது முகத்தில் அறையும், வரும்போது முதுகில் தள்ளும். தினமும் அதே ரோட்டில் வேலைக்குப் போகிறவளுக்கு அந்தக் காற்றைத் தெரியாதா என்ன. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விட்டார்கள். போன வருஷம் ஜெயித்தவள் என்பதால் தேஜஸ்வினி கடைசி. நான் அவளுக்கு நேர் முன்னால். என்னைத் துரத்திப் பிடிக்கத்தான் அவள் வருவாள்.

சிஞ்ச்வட் வரைக்கும் பதினாறு பல்லில் போனேன். காற்று வலுத்தது, பதினேழு. குறைந்தது, மறுபடி பதினாறு. ஒரு பல் மாற்றினால் காலுக்கே தெரியவில்லை. ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே இருந்தேன். அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்! நிக்டி மேட்டில் பதினெட்டுக்குப் போனேன், அதற்குமேல் தேவைப்படவே இல்லை. எனக்கு முன்னால் கிளம்பியவள் அந்த மேட்டில் எழுந்து நின்று மிதித்து, உட்கார்ந்து கியர் மாற்றி, மறுபடி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். போன வருஷத்து என்னையே பார்ப்பதுபோல இருந்தது. "பாஜூ, பாஜூ!" என்று ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே அவளைத் தாண்டினேன்.

தேஹு ரோட்டில் திரும்பி, பெட்ரோல் பங்க்கைக் கடந்த பிறகுதான் தேஜஸ்வினி எதிரே வந்தாள். தலையைக் குனிந்து, தோள் இரண்டும் ஆட ஆட மிதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பிடிக்கிறவள் என்றால் இதற்குள் இன்னும் நெருங்கியிருக்க வேண்டாமா? கணக்குப் போடப் பயந்தேன். காற்று இப்போது முதுகில். பதினைந்து, பதினான்கு, கடைசியில் பதிமூன்று. தொடை பற்றி எரிந்தது, வாயில் இரும்பு ருசித்தது. கொடுக்க மாட்டேன், என் சைக்கிளைக் கொடுக்க மாட்டேன் என்று மிதிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே வந்து கோட்டைத் தாண்டினேன்.

இறங்குவதற்குள் அண்ணன் ஓடிவந்து தாங்கிக்கொண்டான். அவன் கண் கடிகாரத்தில் இருந்தது. மற்ற எல்லோருடைய நேரத்தையும் நான் முந்தியாகிவிட்டது, மிச்சம் தேஜஸ்வினிதான். அவள் என்னைவிட ஒரு நிமிடம் கழித்துக் கிளம்பியவள். இந்த ஒரு நிமிடத்துக்குள் அவள் வந்துவிட்டால், நான் தோற்றேன். சைக்கிள் போனது.

ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. தூரத்தில் ஏதோ ஒன்று தெரிந்து, என் உயிரே போய்விட்டது. பார்த்தால் பால்காரர். பக்கத்தில் மம்மி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"மாதாவே, அந்தப் பொண்ணும் நல்லா இருக்கட்டும். கை கால் சுகமா இருக்கட்டும். ஆனா கொஞ்சம் லேட்டா வரட்டும், தாயே."

"போச்சு!" என்று அண்ணன் கத்தினான்.

"என்ன போச்சு?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"நிமிஷம் போச்சுடி! ஒரு நிமிஷம் முழுசாப் போச்சு! இன்னும் அவ வரலை! ஃபேபி, நீ ஜெயிச்சுட்டே!" பந்தயத்தில் தோற்றவன் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் அழுதேன், சிரித்தேன், மம்மியின் தோளில் மூக்கைத் துடைத்தேன். அதற்கப்புறம்தான் தேஜஸ்வினி வளைவில் தெரிந்தாள்.

தேர்வாளர் ஒலிபெருக்கியில் "ஃபேபியோலா ஜார்ஜ்" என்று வாசித்ததை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன், வெட்கமாகிவிட்டது. தேஜஸ்வினி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து என் கையைக் குலுக்கினாள். பிறகு குனிந்து என் பின்சக்கரத்தை உற்றுப் பார்த்தாள். எங்கே வாங்கினாய் என்று மராத்தியில் கேட்டாள். அடுத்த வருஷம் சொல்கிறேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் மம்மி ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து அண்ணனின் சக்கரத்தைக் கழற்றினாள். "கொண்டா அந்த புட்டாவை" என்று கையை நீட்டினாள்.

"மாட்றதுக்கா? ஐயோ மம்மி, ஆகஸ்ட்ல லூதியானாவுல நேஷனல்ஸ். இது எனக்கு வேணும்."

மம்மி ஸ்டூல்மேலேயே நின்று யோசித்தாள். ஒரு கையில் அண்ணனின் சக்கரம், இன்னொரு கையில் தீர்த்தக் குப்பி.

"முதல்ல ஒண்ணு சொல்லு. லூதியானாவுல மலை இருக்கா, சமதரையா? அது தெரியாம எந்தச் சக்கரத்துக்குடீ நான் செபம் பண்றது?"

"சமதரைதான் மம்மி!" என்றேன். சிரிப்பு தாங்கவில்லை.

மம்மி அண்ணனின் சக்கரத்தை மறுபடி ஆணியில் மாட்டினாள். இறங்கி வந்து, குப்பியைத் திறந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் என் புட்டாமேல் கவிழ்த்தாள்.

"மம்மி! துருப்பிடிச்சிடும்!" என்று அலறிக்கொண்டே அண்ணன் துணியையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.