ஏ வகுப்பு லயம்

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயத்தை, அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகளை, மழைக்கு முன் நிர்வாகம் பழுது பார்த்துத் தர வேண்டும். ஆனால் அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது: எந்த லயத்துக்கு விலக்கு என்பதை அரசு உத்தரவு போட்டு முடிவு செய்துகொள்ளலாம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் லயங்களை ஏ, பி, சி என்று பிரித்தார். ஏ என்றால் நல்ல நிலை, மூன்று வருடத்துக்கு விலக்கு. குமுளிக்கு மேலே செல்வலட்சுமி குடியிருந்த பத்து வீட்டு லயத்துக்கு ஏ கிடைத்தது.

ஆனால் அவள் வீட்டுப் பின்சுவர் உப்பிப்போய் எப்போது சாயுமோ என்று நின்றது. அதை ஒட்டித்தான் கணவன் பெரியமுத்துவின் கட்டில். கொழுந்து மூட்டையோடு விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவனால் தானாக எழ முடியாது. கட்டிலை மாற்றிப் போட வேறு இடமும் இல்லை. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

ஆட்சேபம் எழுதி, பத்து வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போனாள். அதிகாரி பின்சி பொறுமையாகப் படித்தாள்.

"சேச்சி, புதுசா விதி போட்டாத்தான் ஜனங்ககிட்ட ஆட்சேபம் கேக்கணும். இது விதியில்ல, விலக்கு உத்தரவு. இதுக்கு அந்த வழக்கமில்ல."

"விழப்போற சுவருக்கு அதெல்லாம் தெரியுமா மேடம்?"

பின்சி கோப்பைத் திறந்தாள். "போன வருஷம் வந்து பாத்தது நான்தான். சுவரெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. குறை ஒண்ணுமில்லன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

செல்வலட்சுமி தாளை எட்டிப் பார்த்தாள்; அவள் எழுத்துத்தான். அதிகாரி வருகிறார் என்றதும் அன்று லயமே கல்யாண வீடாகிவிட்டது. விரிசலை மண் வைத்துப் பூசினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஒழுகும் இடத்தில் வைத்திருந்த பாத்திரங்களை ஒளித்தார்கள். பக்கத்து வீட்டு ராமுத்தாய் தன் புதுச் சேலையைக் கொண்டுவந்து அந்தப் பின்சுவருக்குத் திரை கட்டினாள். வீடு தேடி வந்தவருக்கு முறுக்கும் காப்பியும் கொடுப்பார்களா, ஓட்டையைக் காட்டுவார்களா? மலையாளம் எழுதத் தெரிந்தவள் என்ற பெருமையில், குறை இல்லை என்று செல்வலட்சுமிதான் எழுதிக் கொடுத்தாள்.

"இதை மாத்த வழியே இல்லையா?"

"ஒண்ணு உண்டு. தப்பான விவரத்தால கிடைச்ச விலக்குன்னா ரத்து செய்யச் சொல்லி நான் எழுதலாம். ஆனா விவரம் கொடுத்தவங்க மேல கேஸ் வரும். யோசிச்சு வாங்க, சேச்சி."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவமானம் பிடுங்கித் தின்றது. பெரியமுத்துவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டு முடித்துவிட்டு அவன் சொன்னான்: "எனக்காக நீ கோர்ட்டுப் படி ஏற வேணாம், லட்சுமி. சுவரு இன்னொரு மழை தாங்கும்."

சொன்ன விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று தான் தாளில் எழுதிய பொய்யைத்தான் இன்று அவனும் சொல்கிறான்.

உள்ளே போனாள். "பொய் எழுதுனது நாந்தான் மேடம். எழுதிக்கோங்க."

பின்சி எழுதி, வாசித்துக் காட்டி, தாளை நீட்டினாள். "உங்களுக்கு நோட்டீஸ் ஒரு வாரத்துல வந்துரும். சுவர் கட்டச் சொல்ற உத்தரவு எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

"மழைக்கு முன்னாடி வருமா?"

பின்சி தாளின் அடியில் விரலை வைத்துக் காட்டினாள். செல்வலட்சுமி கையெழுத்துப் போட்டாள்.