நரிக்கு வைத்த மருந்து

"பட்டிப் படலைக் கட்டினயா, இல்லையாடா?"

கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டான் சிவராஜ். வாசலுக்கு வெளியே வெயிலில் நின்ற, அவன் ஆடுகளை மேய்க்கும் நல்லான் அவனைவிட இருபது வயது மூத்தவர்.

"கட்டிட்டுத்தானுங்க சாமி, ஊட்டுக்குப் போனேன்."

அருள்புரத்துக்குத் தெற்கே, பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மிஞ்சிக் கிடந்த மேய்ச்சல் காடு சிவராஜுடையது. கிளுவை வேலியால் அதை இரண்டாகப் பிரித்திருந்தான். ஒரு பாதியில் செம்மறிகள் மேயும். மறுபாதியான புல்லுக்காட்டில் கொழுக்கட்டைப்புல் விதை உதிர்க்கும்வரை ஆட்டை விடமாட்டான். முயலும் மயிலும் அங்கேதான் அடையும். எப்போதாவது நரி ஊளையிடும். அன்று விடிந்து பார்த்தால் பட்டிக்குள் இரண்டு ஆடுகள் குரல்வளை கிழிந்து செத்துக் கிடந்தன.

"போன மாசமும் ஒண்ணு செத்துது. தூக்கிட்டுப் போனது யாரு? செத்தா உங்களுக்குன்னு உட்டதுதான் தப்பாப் போச்சு."

செத்ததைக் காலனிக்காரர்கள்தான் எடுக்க வேண்டும் என்பது சிவராஜின் முன்னோர் போட்ட வழக்கம். நல்லான் கேட்டு வாங்கியதல்ல. திரும்பி நடந்தார்.

மதியம் சாப்பிட வந்த சிவராஜின் கையில் பூச்சிமருந்து வாடை அடித்தது. அவன் மனைவி ஜெயபாரதி தட்டை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எதுக்கு மருந்து?"

"நரிக்கு. ரெண்டு ஆட்டையும் புல்லுக்காட்டுல போட்டு ஊத்தியிருக்கறேன்."

"நல்லான்கிட்டச் சொன்னீங்களா? பொழுதோட அவங்க வந்து எடுத்துட்டுப் போயிருவாங்களே?"

"களவாங்காதவனுக்கு என்ன பயம்?"

அவன் படுத்ததும் ஜெயபாரதி காலனிக்கு நடந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கால் படாத தெரு அது. கம்பெனி வேனிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த நல்லானின் மனைவி முத்தாயி, வீட்டுக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னுங்க அம்மணி, ஊட்டைச் சோதன போட வந்தீங்களா?"

"இல்ல முத்தாயி. காட்டுல கெடக்கற ஆட்டைத் தொட்டுறாதீங்க. மருந்து ஊத்தியிருக்குது."

முத்தாயி அவளையே உற்றுப் பார்த்தாள்.

"நரிக்குங்களா, எங்களுக்குங்களா?"



மறுநாள் காலையில் புல்லுக்காட்டில் ஒரு நரியும் மூன்று மயில்களும் விறைத்துக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி, கழுத்தில் தோல்பட்டையோடு இரண்டு பெரிய நாய்கள். காட்டின் சுற்றுவேலிக்கு அந்தப்பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சிவராஜின் அண்ணன் பூபாலன் காவலுக்கு வளர்த்தவை. நாய்களைத் தேடி வந்த வாட்ச்மேன் தலையில் கைவைத்தான்.

"முந்தாநாள் ராத்திரியும் வேலி தாண்டுச்சுங்க. வாயெல்லாம் ரத்தமா வந்துதுங்க. எங்கிட்டுக் கடிச்சுதுன்னு தெரியாமப் போச்சுங்க."

சிவராஜ் நல்லானுக்கு ஆள் அனுப்பினான். நல்லானோடு முத்தாயியும் வந்தாள். நேற்று நல்லான்மேல் பழி போட்டதைப் பற்றி சிவராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அண்ணன் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் இழுத்துப் பொதச்சிரு நல்லான்."

பழக்கத்தில் நல்லான் குனிந்தார். முத்தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்க. அவங்க ஊத்துன மருந்து, அவங்க அண்ணனூட்டு நாயி. அவங்களே பொதச்சுக்குவாங்க. செத்தது எதையும் இனி நாங்க எடுக்கறதில்லீங்க."

"என்ன பேச்சுப் பேசறா பாரு!" என்று சிவராஜ் மனைவியிடம் திரும்பினான்.

ஜெயபாரதி ஆட்டுப்பட்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டாள்.

"வெயிலேறுதுங்க. தோண்டுங்க."

நல்லானும் முத்தாயியும் திரும்பிப் பார்க்காமல் காட்டுப் படலைத் தாண்டிப் போனார்கள். சிவராஜ் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு குழி வெட்டினான். முதலில் மயில்களைத்தான் இழுத்துப் போட்டு மூடினான். மயிலைக் கொன்றால் கேஸ் ஆகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.