கேட்டால் குதிக்கணும்

விடிவதற்கு முன்பே இரண்டு வாளி வெந்நீர் ஆஸ்பத்திரி மாடி ஏறிவிட்டது. மூன்றாவது வாளி படித் திருப்பத்தில் தளும்பி அவள் முழங்காலைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலேயே லிஃப்ட் இருந்தது. ஆனால் ஊழியர்கள் வாளியோடு ஏறக் கூடாது என்று அதன் கதவில் ஒட்டியிருந்தார்கள். தரை நனைந்தால் வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம்.

"பாத்து வாம்மா. நீயே வெந்துட்டா அப்புறம் உன்னைத்தான் தொட்டியில இறக்கணும்" என்றார் முன்னால் ஏறிக்கொண்டிருந்த தண்ணி அண்ணன். பிள்ளைகள் இறங்கிப் பயிற்சி செய்யும் தொட்டியைக் கழுவுவதும் நிரப்புவதும் அவர் வேலை.

"இறக்குங்கண்ணே. அப்படியாவது கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்."

பாய்லர் கெட்டு ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. பார்க்கிறோம் என்ற நிர்வாகம் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பிள்ளைகள் சுருண்டு போவார்கள். ஆகவே கீழே சமையல்கட்டில் கெஞ்சி, அண்டாவிலிருந்து மொண்டு, வாளி வாளியாக மேலே சுமந்தார்கள். பிசியோதெரபி படித்துவிட்டுத் தண்ணீர் தூக்குகிறாயே என்று வீட்டில் கேட்டபோது, அதையும் பாடத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன் என்று சிரித்து மழுப்பியிருந்தாள்.

மாடியில் பிள்ளைகள் பயிற்சி செய்யும் அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் யாரையும் "வலிக்குதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டவர் ஒற்றைக் காலில் குதித்தபடி அறையை ஒரு சுற்று வர வேண்டும். பிள்ளைகள் போட்ட சட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்றே விஷயம் தெரியாமல் கேட்டுத் தொலைத்து, வெள்ளைக் கோட்டு பறக்கக் குதித்தவள் இவள். அன்று முதல் குதி அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. அங்கே வருகிற பிள்ளைகள் பலருக்கு எலும்பு கூடியிருக்கும், காயம் ஆறியிருக்கும். வலி மட்டும் போகாது. தீ அணைந்த பிறகும் ஓயாமல் அடிக்கிற மணி மாதிரி நரம்பு கத்திக்கொண்டிருக்கும். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்கக் கேட்க அந்த மணி இன்னும் உரக்க அடிக்கும். அதனால் அங்கே வேறு கேள்வி. தினமும் பயிற்சி முடிகிறபோது, "நாளைக்கு என்ன செய்யப் போறோம்?" என்று கேட்பார்கள். பந்தை உதைக்கப் போறேன் என்று ஒரு பிள்ளை சொல்லும். மறுநாள் பந்து வரும்.

நேற்று மாலை நிர்வாகி வந்து புதிய உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். இனி ஒரு பிள்ளைக்குப் பாதி நேரம்தான். ஒருவரே ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வலி எவ்வளவு என்று கேட்டு எண் போட்டு எழுத வேண்டும். மாத முடிவில் எண் இறங்காத பிள்ளைக்கு இங்கே இடமில்லை. காலியாகும் அறையில் விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் கூடம் வரப் போகிறதாம்.

அதைக் கேட்டதிலிருந்து குதி அக்கா வீட்டுக் கணக்கையே மனதில் கூட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

முதல் ஆளாகச் சுண்டெலி வந்தாள். பத்து வயதுப் பெண். ஊஞ்சலிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்து, கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, எல்லாம் பழங்கதை. ஆனால் போர்வை உரசினாலும் கால் எரியும். செருப்புப் போட முடியாது. பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்றார்கள். சித்தப்பாவும் அதையே சொன்னார். தையல் ஆலையில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்திதான் நம்பினாள். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

பஞ்சிலிருந்து துண்டுக்கு, துண்டிலிருந்து மணலுக்கு என்று அந்தக் கால் ஒவ்வொன்றாகப் பழகி வந்திருந்தது. இன்று கூழாங்கல். வெதுவெதுப்பான தண்ணீருக்குள் கல் பரப்பிய தட்டில் சுண்டெலி மெதுவாகக் காலை இறக்கினாள். கட்டை விரல் தொட்டது. பாதம் தொட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டாள்.

"அக்கா, கல்லு கூசுதுக்கா!"

சிரிப்பு அது. இத்தனை மாதத்தில் அந்தக் கால் சிரித்தது இதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்துக் கதவோரம் நிர்வாகியின் தலை தெரிந்தது. குதி அக்காவுக்கு உத்தரவு நினைவு வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"வலிக்குதாம்மா? எவ்வளவு?"

சுண்டெலியின் முகம் அணைந்தது. காலைப் பார்த்தாள். அப்போதுதான் அது தன்னுடைய கால் என்று நினைவு வந்தவள் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, வீரிட்டு அழுதாள். தட்டு கவிழ்ந்தது. கூழாங்கற்கள் தரையெங்கும் உருண்டன.

அம்மா ஓடி வந்து மகளை வாரிக்கொண்டாள். "ஊரே கேட்டுச்சு. நீங்க ஒருத்தர்தான் கேக்காம இருந்தீங்க. இப்ப நீங்களும் கேட்டுட்டீங்களா?"

குதி அக்கா மண்டியிட்டுக் கற்களைப் பொறுக்கினாள். யார்மேல் கோபம் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது. சட்டப்படி குதிக்கச் சொல்லக்கூட எந்தப் பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

மதியம் குழாயடியில் வாளி கழுவும்போது மூன்று பேர் கூடினார்கள். கூடவே வேலை பார்க்கும் நெட்டை முதலில் ஆரம்பித்தான்.

"எதுக்கு மண்டையை உடைச்சுக்கறீங்க? நானே ஏதோ ஒரு நம்பரை எழுதிட்டுப் போறேன். எவனுக்குத் தெரியும்?"

"என்ன எழுதுவே?" குதி அக்கா வாளியை ணங்கென்று வைத்தாள். "வலி குறைஞ்சுதுன்னு எழுதினா, சரியாப் போச்சு, அனுப்புன்னுவாங்க. குறையலைன்னு எழுதினா, பிரயோஜனமில்ல, அனுப்புன்னுவாங்க. எப்படி எழுதினாலும் வெளிய போறது சுண்டெலிதாண்டா."

நெட்டை அடுத்த வாளியை எடுத்துத் தேய்த்தான்.

"அப்ப எழுதாதீங்க" என்றார் தண்ணி அண்ணன்.

"எழுதலைன்னா நாம வெளிய போகணும்ணே."

"ஒருத்தர் எழுதலைன்னா அந்த ஒருத்தர் வெளிய. அத்தனை பேரும் எழுதலைன்னா? முதலாளியே வந்து வாளி தூக்குவாரா?"

"தூக்குவார்ணே, லிஃப்ட்ல" என்றான் நெட்டை. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது, பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

அன்று மாலைக்குள் அறையில் வேலை செய்கிற எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லிவிட்டார்கள். நாம கேக்க மாட்டோம். சுண்டெலியின் தையல்கார அம்மாவிடம் குதி அக்கா தானே போய் நின்றாள். "தப்பு பண்ணிட்டேங்க. இனிமே கேக்க மாட்டேன். இங்க யாரும் கேக்க மாட்டோம்."

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான், தைச்சு முடிக்கறதுக்குள்ள எத்தனை ஆச்சு, எத்தனை ஆச்சுன்னு கேட்டே கையைக் குத்திக்க வைப்பான். உங்களுக்கும் அதே வியாதிதானா? சரி. மத்த அம்மாங்ககிட்ட நான் பேசறேன்."

வாரம் முடிவதற்குள் முதலாளியே வந்துவிட்டார். அறைக்குள் அத்தர் மணத்தது. பின்னால் நிர்வாகி.

"ஒருத்தரும் எழுதலையாமே?"

"எழுதலை சார்" என்றாள் குதி அக்கா.

"ஏன்?"

"எழுதணும்னா கேக்கணும். கேட்டா வலிக்கும் சார்."

"நான் ஆஸ்பத்திரி நடத்தறேம்மா. விளையாட்டுத் திடல் நடத்தலை."

"இந்தப் பிள்ளைங்களுக்கு விளையாட்டுதான் சார் வைத்தியம். நேரம் பாதியானா அதுவும் நடக்காது. காலைத் தண்ணியில வைக்கவே அவங்களுக்குப் பாதி நேரம் போயிடும்."

"உங்களுக்குப் பதிலா ஆள் எடுக்க எனக்கு ஒரு நாள் போதும்."

"எடுங்க சார்" என்றான் நெட்டை. "மொத்தமா எடுங்க. தனித்தனியாப் போக மாட்டோம்."

"வர்றவங்க கேட்டா நாங்க பதில் சொல்ல மாட்டோம்" என்றது வாசலில் ஒரு குரல். தையல்கார அம்மா. அவளுக்குப் பின்னால் வேறு அம்மாக்களும் நின்றார்கள்.

முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்த சுண்டெலியிடம் குனிந்தார். அவள் கால் மறுபடி கூழாங்கல் தட்டுக்குள் இருந்தது. குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"பாப்பா, நீ சொல்லு. வலிக்குதா?"

குதி அக்கா அந்தக் காலையே பார்த்தாள். விரல்கள் சுருங்கின. தண்ணீர் நடுங்கியது. சுண்டெலி உதட்டைக் கடித்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

"குதிங்க."

"என்னது?"

"குதி! குதி! குதி!" தொட்டிக்குள்ளிருந்தும் பாயிலிருந்தும் அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். நிர்வாகி பதற்றத்தில் ஒரு காலைத் தூக்கியே விட்டார், பிறகு அவசரமாக ஊன்றினார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் தண்ணி அண்ணன் பணிவாக. "இங்க அதுதான் சட்டம். கேட்டவங்க குதிக்கணும்."

முதலாளியின் முகம் சிவந்தது. "நாளைக்கு இந்த அறை பூட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் போனபோது பயிற்சி முடிகிற நேரம். வழக்கமான கேள்வியைக் கேட்க யாருக்கும் நா எழவில்லை. சுண்டெலியே கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு என்ன செய்யப் போறோம்?"

குதி அக்கா நெட்டையைப் பார்த்தாள். நெட்டை தண்ணி அண்ணனைப் பார்த்தான்.

"வரப் போறோம்" என்றாள் தையல்கார அம்மா.

மறுநாள் விடியலில் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. குதி அக்கா வெறும் வாளியோடு அதன் முன் நின்றாள். எரிச்சலில் கண் கரித்தது. அப்போது கீழே காலடிச் சத்தம். பிள்ளைகளை இடுப்பிலும் பிளாஸ்டிக் பேசினை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அம்மாக்கள் ஏறி வந்தார்கள். தையல்கார அம்மாவோடு அவள் ஆலைப் பெண்கள் இரண்டு பேர்.

"சங்கு ஊதிடுமே?" என்றாள் குதி அக்கா.

"ஊதட்டும். எங்க தையல் லைன் முழுக்க இன்னிக்கு லேட்."

சமையல்கட்டுக்காரர்கள் கேட்காமலே அண்டாவைக் கொதிக்க வைத்திருந்தார்கள். தூக்கப் போன தண்ணி அண்ணனை லிஃப்ட்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்துக்குத் தன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அண்டாவோட ஏத்துங்கண்ணே. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார்.

தாழ்வாரத்தில் பாய்கள் விரிந்தன. பேசின்களில் ஆவி பறந்தது. பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுண்டெலி காலை, அம்மா பொறுக்கி வந்த கல்லுக்குள் இறக்கினாள். வாசலில் முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. காவல்காரர் படியேறி வந்தார், பாய்களைப் பார்த்தார், எதை மிதிப்பது என்று தெரியாமல் நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. குதி அக்கா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சொல்லுடி சுண்டெலி. நாளைக்கு என்ன செய்யப் போறோம்?"

அவள் யோசித்தாள். கல்லுக்குள் விரல்களை ஒரு முறை விரித்துப் பார்த்தாள்.

"செருப்பு" என்றாள்.