காலியாகத் தெரிந்த கட்டம்

12 ஜூன் 2025, வியாழன்

நேற்றைய குறிப்பில் ஒரு தப்பு இருக்கிறது. என் ஃபார்முலா சரியில்லை என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். ஃபார்முலா சரியாகத்தான் இருந்தது.

நேற்று மாலை கணினி வகுப்பில் தயாளன் சார் எங்கள் பயிற்சிக் கோப்புகளைப் பெரிய திரையில் போட்டார். நன்றாகச் செய்த ஒருவரின் பெயரை வெள்ளிக்கிழமை பெருங்களத்தூரில் ஒரு கம்பெனி வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். என்னுடையது பீர்க்கன்கரணையில் எங்கள் குடியிருப்புக்கு ஏப்ரலிலிருந்து வந்த தண்ணீர் லாரிக் கணக்கு. அன்றன்று எத்தனை லிட்டர், அன்றுவரை மொத்தம் எத்தனை லிட்டர். மொத்தத்துக்கு வரிசைதோறும் கூட்டல் போடாமல், மேலே ஒரே கட்டத்தில் அரே ஃபார்முலா எழுதியிருந்தேன். அது தானாகவே கடைசி நாள்வரை இறங்கி நிரப்பும். இறங்கும் வழியில் எல்லாக் கட்டமும் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரையில் மேலே பிழைச் செய்தி மட்டும் நின்றது. கீழே ஒன்றுமில்லை.

"என்னம்மா ரூக்சார், லாரி வரவே இல்லையா?" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த ஜென்சி மட்டும் சிரிக்கவில்லை. "விடுடி, எனக்கும் இப்படித்தான் சொதப்பும்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அடுத்து அவள் கோப்பு. ஒவ்வொரு வரிசையிலும் முந்தின நாள் மொத்தத்தோடு இன்றையதைக் கூட்டும் பழைய முறைதான், ஆனால் மொத்தம் வந்தது. சார் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்.

இன்று காலை அந்தப் பிழையின் மேல் சுட்டியை வைத்தேன். மொத்தம் இறங்கும் வழியில் உள்ள D41 கட்டத்தில் ஏதோ இருப்பதால் நிரப்ப முடியவில்லை என்றது. D41 காலியாகத்தான் தெரிந்தது. நான்தான் எதையோ தவறாகப் படிக்கிறேன் என்று ஃபார்முலாவை இரண்டு முறை அழித்து எழுதினேன். கடைசியில் கட்டத்துக்குள் போய்ப் பார்த்தால், கர்சர் ஓரத்தை விட்டு ஓர் எழுத்து தள்ளி நின்று துடித்தது. யாரோ ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டியிருக்கிறார்கள். அழித்தேன். நெடுவரிசை முழுவதும் நிரம்பியது.

அந்தக் கட்டத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தேன். என் பெயராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஜென்சி, செவ்வாய் இரவு.

தப்பு இருந்தால் சொல் என்று, கோப்பைத் திருத்தும் உரிமையோடு நான்தான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். "பாத்துட்டேன்டி, ஒரு தப்பும் இல்ல, சூப்பர்!" என்று அதே இரவில் பதில் வந்திருந்தது.

மாலையில், வேலை முடிந்து வரும் ஜென்சிக்காகத் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றேன்.

"D41-ல எதுக்குடி ஸ்பேஸ் தட்டுன?"

தெரியாமல் கை பட்டிருக்கும் என்பாள், நானும் ஒப்புக்கொண்டு போய்விடலாம் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"எதையாவது அழிச்சேனா? உன் ஃபார்முலா அப்படியேதானே இருந்துச்சு?" என்றாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ உன்மேலயே பழி போட்டுக்குவன்னு நெனச்சேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா இந்த வேலைய விட்டுக்குடுத்திருப்பியா, ருக்கு?"

மாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் ரயிலுக்கு இறங்கிப் போனாள். நான் பஸ்ஸில் வந்தேன்.

நாளை: ஜென்சியின் திருத்தும் உரிமையை எடுத்துவிட வேண்டும். வகுப்புக்கு அரைமணி முன்பே போய், சார் அவள் பெயரை அனுப்புவதற்குள் D41-இன் திருத்த வரலாற்றை அவரிடம் திறந்து காட்ட வேண்டும்.