ரேடியோவின் பேச்சு ஊருக்குப் புரிந்த கதை

அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த பதினெட்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் பேசிய தமிழ் அங்கே இருந்த எல்லோருக்கும் புரியத் தொடங்கியது. முதலில் புரிந்தது அவள் குடியிருந்த வீட்டுக்காரருக்கு. அரை மணி நேரத்தில் தெருமுனை ரொட்டிக்கடைப் பெண்ணுக்கு. மத்தியானத்துக்குள் அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்தின் நாற்பத்தோரு பேருக்கும். அதே நகரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கணவன் மனைவி, மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர். அவர்கள் பேசியது வழக்கம்போல் யாருக்கும் ஓர் எழுத்தும் புரியவில்லை. அவள் பேசினால் மட்டும்தான் புரிந்தது. அன்று மேற்கிலிருந்து கொஞ்சம் காற்று அடித்ததைத் தவிர வேறு விசேஷம் எதுவும் இல்லை. ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி அவளுக்கு மட்டும் நூற்றுப் பதினோரு நாள் தெரியாமல் இருந்தது.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். பதினோராம் மாதத்தில் வாயைத் திறந்தவள் அதற்குப் பிறகு மூடவேயில்லை என்று அவள் அம்மா சொல்வாள். வேலை பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் ஊர் சுற்றலாம் என்று அந்த நாடு கொடுத்த அனுமதியில், இருபத்து நாலு வயதில், முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வந்து இறங்கினாள். அந்த ஊர் மொழியில் அவளுக்கு நாற்பது வாக்கியம் தெரியும். அதில் பாதி நன்றி, மீதி மன்னிப்பு. ஆகவே அந்த மொழியில் அவள் பரம சாது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டினாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னை இடித்தவனிடமும் தானே மன்னிப்புக் கேட்டாள். ஆயுசு முழுக்க ஓயாமல் பேசியவளுக்கு இது மூச்சு முட்டியது. அடைத்துக் கிடந்ததையெல்லாம் போனில் அக்காவிடம் தமிழில் கொட்டினாள்.

அக்காவுக்கும் அது தேவையாக இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மின்விசிறியின் மூன்று இறக்கைகளைப் பார்த்தபடி மாதக்கணக்கில் படுத்திருந்தவளுக்கு ரேடியோவின் குரல்தான் ஒரே வேடிக்கை. அவளைச் சிரிக்க வைக்க ரேடியோவுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், பல் செட் கட்டியவர். "பல்லு ஒரு பக்கம் ஆடுது, இவரு ஒரு பக்கம் ஆடறாரு. சாப்பிடறாரா சுண்ணாம்பு இடிக்கறாரான்னே தெரியலக்கா" என்று, சமையலறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே சொன்னாள். ரொட்டிக்கடைப் பெண்ணின் பருக்களை அவள் முகத்துக்கு நேரே நின்று எண்ணிப் பதினேழு என்று அறிவித்துவிட்டு, அந்த ஊர் மொழியில் நன்றி சொல்லி ரொட்டியை வாங்கிக்கொண்டாள். "நிறுத்துடி, வயிறு குலுங்குது, டாக்டர் என்னத்தான் திட்டுவாரு" என்று அக்கா சிரித்தாள்.

எல்லோரையும்விட அதிகமாகப் பேச்சில் அடிபட்டவர் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜோடியாக நின்ற உள்ளூர் அம்மா ஒருவர். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்த ஈரத்தோடு இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் நேராகச் செலுத்த வேண்டும். மறுபக்கம் இஸ்திரி போட்டு வெளியே வரும். இப்படி ஒரு நாளைக்கு அறுநூறு. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு. முதல் வாரம் ரேடியோவின் விரல் உருளைக்குள் போக இருந்தபோது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவர். ரேடியோ அவருக்கு வைத்த பேர் புளிமூட்டை. இயந்திரம் போடும் இரைச்சலில் அக்காவுக்குக் கேட்க வேண்டுமே என்று காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கத்தித்தான் பேசினாள். "மூட்டைய இறக்கி வெச்சிருக்காங்கக்கா, கை மட்டும் அசையுது."

ஊர்க்காரர்கள் ஏன் சொல்லவில்லை என்றால், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் புரிகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இத்தனை நாள் ஒட்டுக்கேட்டதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூசினார்கள். அதற்குப் பதிலாக, அவள் பேச்சுக்குத் தகுந்தபடி தங்களை மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் சமையலறையில் சாப்பிடுவதை நிறுத்தினார். ரொட்டிக்கடைப் பெண் குனிந்தபடியே ரொட்டியைக் கொடுத்தாள். கால் கடுக்கிறது என்று ரேடியோ புலம்பிய மறுநாள் உருளைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது. மாடியில் யாரோ குதிக்கிறார்கள் என்று சொன்னாள், சத்தம் அடங்கியது. வந்த புதிதில் முள்ளாகக் குத்திய ஊர் ஒவ்வொரு நாளும் இதமாகிக்கொண்டே போனது. "எனக்கு ஊர் செட் ஆயிடுச்சுக்கா. எல்லாம் நான் நெனச்ச மாதிரியே நடக்குது" என்றாள்.

பதினாலாவது வாரம், ஜோடிக்கார அம்மா வலது தோளில் வலிக்கு ஒரு தைலம் தேய்த்துக்கொண்டு வரத் தொடங்கினார். ஈரத்துணி வாடையோடு அது சேர்ந்து ரேடியோவுக்குக் குமட்டியது. அன்று அக்காவிடம் சொன்னாள்: "பக்கத்துல நிக்க முடியலக்கா, ஒரே தைல நாத்தம். இவ பெத்த பிள்ளைங்க எப்படித்தான் கூட இருந்துச்சுங்களோ. அதான் ஒண்ணுகூட வந்து எட்டிப் பாக்கறதில்லையாம்." பிள்ளைகள் வருவதில்லை என்பதை இடைவேளையில் அந்த அம்மாவே, கையால் சாடை காட்டி, அரைகுறையாகப் புரிய வைத்திருந்தார். மறுநாளிலிருந்து தைல வாடை இல்லை. "குளிச்சுட்டா போலிருக்கு, எங்கயோ மழை கொட்டப் போகுது" என்று ரேடியோ சந்தோஷப்பட்டாள். அந்த அம்மா இடது கையால் விரிப்பை அதிகமாகத் தூக்க ஆரம்பித்ததை அவள் கவனிக்கவில்லை.

ஐந்து வாரம் கழிந்து ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், அந்த அம்மாவின் வலது கை பாதியில் நின்றுவிட்டது. விரிப்பு கோணலாக உள்ளே போய் உருளையைச் சுற்றிக்கொண்டது. துணி கருகும் வாசனை வந்தது. யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள். கூடம் முழுவதும் சத்தம் அடங்கியது. அம்மா தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். ரேடியோ பதறிப்போய்த் தனக்குத்தானே தமிழில் சொன்னாள்: "ஐயோ, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

மெதுவாகப் பேசினால் அந்த ஊர் மொழி இதற்குள் ரேடியோவுக்குப் புரியும். அந்த அம்மா தன் மொழியில், சின்னச் சின்ன வார்த்தையாக, மூக்கைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னார். "சொன்னா தைலம் போடுன்னுவாங்க. உனக்குத்தான் அந்த வாடை ஆகாதே."

நியாயமான பதில் என்றுதான் ரேடியோவுக்கு முதலில் பட்டது. கூடத்தின் நர்ஸ் வந்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான், அந்த வாடை ஆகாது என்று அந்த ஊர் மொழியில் தான் யாரிடமும் சொன்னதே இல்லை, சொல்லவும் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. மெல்லத் திரும்பினாள். நாற்பது பேரும் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் பேசறது உங்களுக்குப் புரியுதா?" என்று தமிழில் கேட்டாள். மேற்பார்வையாளர் சட்டைப் பொத்தானைத் திருகியபடி, "நீ வந்த மூணாவது வாரத்துலேர்ந்தே" என்றார்.

ஈரத் துணி குவித்த தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நூற்றுப் பதினோரு நாளில் சொன்னது ஒவ்வொன்றும், எங்கே நின்று சொன்னோம், எதிரே யார் இருந்தார்கள் என்பதோடு திரும்பி வந்தது. காது மடல் கொதித்தது. எழுந்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் ரொட்டிக்கடையைத் தாண்ட வேண்டும் என்பதால் கூடத்தைப் பூட்டும்வரை அங்கேயே இருந்தாள். அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் அவள் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா கூப்பிட்டால் எழுதி அனுப்பினாள். அக்கா பயந்துபோய், "யாராவது உன்ன ஏதாவது பண்ணிட்டாங்களாடி?" என்று அழுதாள். யாரும் எதுவும் பண்ணவில்லை, நான்தான் பண்ணினேன் என்று ரேடியோ எழுதினாள். என்னவென்று எழுதவில்லை.

வேறு நகரத்துக்கு ஓடிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பைகளையும் கட்டினாள். சொல்லிக்கொண்டு போக வீட்டுக்காரரைத் தேடினால் ஆள் இல்லை. பின்பக்கம் சாமான் கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். திருப்புளிகளுக்கும் எண்ணெய் டப்பாக்களுக்கும் நடுவே, குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு, மடியில் தட்டை வைத்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "புது செட்டுக்கு அளவு குடுத்திருக்கேன். வந்ததும் உள்ள வந்துடறேன்" என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துத் தேறுதல் சொல்வதுபோல, "மொதல்ல எனக்குத்தான் காதுல கோளாறுன்னு நெனச்சேம்மா. டாக்டர்கிட்ட போனேன். அவரு, 'எனக்கும் அந்தப் பொண்ணு பேசறது புரியுதே'ன்னுட்டாரு" என்றார். ரேடியோவால் அங்கே நிற்கவும் முடியவில்லை, கதவைச் சாத்தவும் முடியவில்லை. தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் சமையலறை மேஜையில் வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பைகளை அவிழ்த்துவிட்டு ஜோடிக்கார அம்மாவின் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடி. வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டபடி அந்த அம்மாவே கதவைத் திறந்தார். அந்த ஊர் மொழியில் ரேடியோவுக்குத் தெரிந்த மன்னிப்பெல்லாம் நெரிசலில் காலை மிதித்தால் சொல்கிற மன்னிப்பு. அதனால் தமிழில் பேசினாள். "நீங்க என் விரலக் காப்பாத்தினீங்க. நான் உங்களப் பத்தி அப்படியெல்லாம் பேசினேன்" என்று தொடங்கினாள். நீங்க என்று ஒரு சொல் அந்த ஊர் மொழியில் கிடையாது, எல்லோருக்கும் நீதான். நாலு மாதமாக அவ, இவ என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தச் சொல்லும் புரிந்தது. புருவம் லேசாக ஏறி இறங்கியது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "நீ பேசறது மட்டுந்தானே எங்களுக்குக் கேக்கும். என் பிள்ளைங்களப் பத்திச் சொன்னியே, அன்னிக்கு உன் அக்கா சிரிச்சாளா?"

சிரித்தாள் என்று சொல்லிப் பாதிப் பழியை அக்கா தலையில் போட்டிருக்கலாம். ரேடியோ தரையைப் பார்த்தாள். "இல்ல. 'பாவம்டி, அப்படிச் சொல்லாத'ன்னா. நான்தான் சிரிச்சேன்."

அம்மா தூளியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டார். "மூட்டைன்னதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. ஒடம்பு அப்படித்தான் இருக்கு. பிள்ளைங்க வராதது நெசம். நெசத்த எடுத்து நீ வெளையாடிட்ட" என்றார். "மன்னிச்சுட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். எதிர்பாக்காத. மூணு நாள் பாத்திரம் கழுவாம கெடக்கு, ஒத்தக் கையால முடியல."

ரேடியோ கழுவினாள். மறு ஞாயிறும் போய்க் கழுவினாள். அந்த அம்மா இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி, துணி மடிக்கும் மேஜைக்கு மாறிக்கொண்டார். மன்னித்ததாக அவர் கடைசிவரை சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்காமலும் இருந்ததில்லை. ரேடியோ ரொட்டிக்கடையில் மன்னிப்புக் கேட்டபோது அந்தப் பெண் அழுதுவிட்டு, ரொட்டியைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள். ஒரு வருஷம் அப்படியே வைத்தாள். அக்காவுக்கு எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். நடந்ததை ரேடியோ முழுசாக அவளிடம் சொன்னாள். அக்கா நம்பவில்லை. "நீ முன்ன மாதிரி இல்லடி, ரொம்பப் போரடிக்கிற" என்று மட்டும் சொன்னாள். அனுமதியை இன்னொரு வருஷம் நீட்டினார்கள், பிறகு இன்னும் இரண்டு வருஷம். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து கணக்கெடுத்தபோது, பேசும் மொழி என்ற கட்டத்தில் 'தமிழ், புரிகிறது' என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாம் வருஷம் அக்கா குழந்தையோடு பார்க்க வந்தாள். விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்கள், கூட்டமான கூட்டம். எதிரே ஒரு பெரிய மனுஷி, உச்சியில் அடுக்கடுக்காகக் கொண்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா குனிந்து, "அங்க பாருடி, அந்தம்மா தலையில குருவி குடும்பமே நடத்தலாம்" என்றாள். அக்காவின் தமிழ் யாருக்கும் புரியவில்லை. ஆனால் தங்கை என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். சும்மா இரு என்று சொன்னாலும் போதும், ஏதோ சொல்லப்பட்டது என்று தெரிந்துவிடும். ரேடியோவின் முகம் கழுத்துவரை சிவந்தது. ஜன்னலைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"அக்கா, அடுத்த ஸ்டாப்புல நாம இறங்கணும். பாப்பாவத் தூக்கிக்கோ" என்றாள்.

நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒருவர் பெட்டியை எடுத்துக் கதவருகே வைத்தார். கொண்டைக்கார அம்மா எட்டி மணியை அடித்தார். டிரைவர் வேகத்தைக் குறைத்து, நடைபாதையை ஒட்டினாற்போல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பரவாயில்லையே, தங்கமான ஜனங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கினாள்.