சீனு வரும் நேரம்

ராஜத்தை வலப்பக்கமாகப் புரட்டி முதுகுக்கு அண்டை கொடுத்துத் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?" என்று கேட்டாள்.

உத்தமன் ஆமாம் என்றார். முந்தாநாளிலிருந்து முனகலும் பாதிச் சொற்களுமாக இருந்தவள் முழுசாகக் கேட்ட முதல் கேள்வி அது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கட்டிலின் அந்தப் பக்கம் நின்று ராஜத்தின் இடுப்பைத் தாங்கியிருந்த பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் சந்தியா பௌதிக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் ராஜம் ஏதோ பேசுகிறாள் என்றதும் அவள் முகம் தெளிந்தது.

"நாலு மணிக்கு டி.வி. போடுங்க," என்றாள் ராஜம். "சீனு வருவான்."

சீனு என்று அவர்களுக்கு யாரும் இல்லை. உத்தமன் மனசுக்குள் தேடிப் பார்த்தார். ஜோலார்பேட்டையில் இருக்கும் அவளுடைய அண்ணன்மார், அவர்களின் பிள்ளைகள், ரயில்வே யார்டில் கூட வேலை பார்த்தவர்கள், யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. போகிற நேரத்தில் இல்லாதவர்களைக் கூப்பிடுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

மருத்துவமனையில் போன வாரம், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸின் உள்ளறையில் காற்று வராது என்று, கட்டிலை முன்னறைக்குத் தூக்கி வந்து போட்டிருந்தார். அதனால் டி.வி. அவளுடைய கால்மாட்டுக்கு நேரே வந்துவிட்டது. மருந்துச் சீட்டுகளும் குளுக்கோஸ் டப்பாவும் அதன் மேல்தான் இருந்தன. யாரும் அதைப் போடவில்லை.

மகன் தினேஷ்குமார் சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். காலையிலேயே ஹௌரா வந்திருக்க வேண்டிய வண்டி. ஒரிசாவில் மழை, எங்கெங்கோ நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். உத்தமனுடன் வேலை பார்க்கும் முகமது இஸ்மாயில் வராந்தாவில் உட்கார்ந்து, கன்ட்ரோலுக்கு செல்போனில் பேசிப் பேசி, வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று உள்ளே வந்து சொல்லிக்கொண்டிருந்தார். பாலாசோர் தாண்டிவிட்டது. கரக்பூரில் நிற்கிறது. முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்ததற்கு, வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது, அவ்வளவுதான்.

"சீனு யாரு ராஜம்?" என்று குனிந்து கேட்டார்.

அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. விரல் மட்டும் டி.வி. பக்கம் அசைந்தது.

அதைப் பார்த்து சந்தியா பௌதி மெல்லச் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கு வருந்தியவள்போலத் தலைப்பை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, "குஷ்தி, தாதா," என்று டி.வி.யில் வரும் மல்யுத்தத்தைச் சொன்னாள். அவள் சொல்லித்தான் உத்தமனுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ராஜத்தை யாரும் கூப்பிட மாட்டார்களாம். குழாயில் தண்ணீர் வந்தால்கூட அவளுடைய வாளியையும் சேர்த்து வேறு யாராவதுதான் நிரப்பி வைப்பார்களாம். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின ஞாயிறுகூட அப்படித்தானாம். பிளாக் முழுக்கத் தெரிந்த விஷயம், அண்ணனுக்குத் தெரியாதா என்று ஆச்சரியப்பட்டாள்.

தெரியாது என்று சொல்ல முடியாது. அவருக்கு வாராந்திர ஓய்வு புதன்கிழமை. ஞாயிறென்றால் யார்டில் ஏதாவதொரு பெட்டிக்கு அடியில் கிடப்பார். தொண்ணூற்று மூன்றில் பிளாக்குக்குக் கேபிள் வந்தபோது தினேஷ் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் ஒரு ஞாயிறு, கையில் தகடு கிழித்து, தையல் போட்டுக்கொண்டு சீக்கிரமே வீடு திரும்பினார். தாயும் மகனும் தரையில் உட்கார்ந்து, நடுவில் பொரித் தட்டை வைத்துக்கொண்டு, ஜட்டி போட்ட இரண்டு தடியன்கள் ஒருவரையொருவர் தூக்கிப் போடுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்கிற பிள்ளையைக் கெடுக்கிறாயே என்று அவர் கத்தினார். எல்லாம் பொய்ச்சண்டை, இதுகூடத் தெரியாதா என்றும் சொன்னார். குளித்துவிட்டு வந்தபோது டி.வி. அணைந்திருந்தது. ராஜம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட கையைப் பார்த்து, வலிக்குதா என்று மட்டும் கேட்டாள். அன்றோடு அது முடிந்துபோனது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

சந்தியா பௌதி இன்னும் கொஞ்சம் சொன்னாள். ராஜம் தன்னுடைய உடைந்த பெங்காலியில் ஒருநாள் அவளுக்கு விளக்கியிருக்கிறாள். பெரிய ஷோ ஒன்று வாரநாளில் ராத்திரி வருமாம். பேர்பெற்றவர்கள் எல்லாம் அதில்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஷோ அங்கே அடிவாங்குகிறவர்களுக்காம். அங்கே தோற்றுக்கொண்டே இருக்கிறவன் இங்கே வந்து எப்போதாவது ஜெயிப்பானாம். கூட்டமும் கம்மிதானாம். எனக்கு இது போதும் என்றாளாம்.

அடுப்பில் வைத்ததைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பௌதி போனாள். உத்தமன் டி.வி. மேலிருந்த மருந்துகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

நாலு மணிக்குப் போட்டார். எந்தச் சேனல் என்று தெரியவில்லை. ராஜத்தைக் கேட்டார். அவள் சொன்ன எண்ணில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தொப்பை குறைக்கும் பெல்ட் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். இஸ்மாயில் கேபிள்காரன் பாப்பிக்குப் போன் செய்தார். அவன் சைக்கிளில் வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலைப் பார்க்காமல் ரிமோட்டை வாங்கினான். சேனல் சேனலாக மாற்றினான். பிறகு உத்தமனை வராந்தாவுக்கு வரச் சொல்லி, தணிந்த குரலில் பெங்காலியில் சொன்னான். அந்தச் சின்ன ஷோ நின்றே இரண்டு வருஷம் ஆகிறது, காக்கு. இப்போது வருவதெல்லாம் பெரிய ஷோதான். அதன் மறு ஒளிபரப்பு ஒன்று ஓடுகிறது, அதை வேண்டுமானால் வைத்துவிட்டுப் போகிறேன் என்றான்.

அதையே வைக்கச் சொன்னார்.

அரங்கத்தின் கூச்சல் அறையை நிறைத்தது. ராஜத்தின் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்ததுபோல இருந்தது. கண்ணைத் திறக்க அவளால் முடியவில்லை, இமை நடுங்கி நின்றுவிட்டது.

"யாரு வந்திருக்காங்க?"

உத்தமன் திரையைப் பார்த்தார். "ரெண்டு பேரு. ஒருத்தன் கறுப்பு டவுசர்."

"இன்னொருத்தன்?"

"அவனும் கறுப்புதான். மொட்டை."

"அப்ப சீனு இல்ல."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவளுடைய கால் வீங்கி, பட்டால் குழிவிழும் நிலையில் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயின் மீது வைத்துக்கொண்டார். திரையில் விளம்பரம் வந்து போனது. மறுபடி கூச்சல். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதோ, சீனு வந்துட்டான்," என்றார்.

ராஜத்தின் உதடு பிரிந்தது. "துண்ட யாருக்குக் குடுத்தான்?"

என்ன துண்டு, எதற்குக் கொடுப்பான், உத்தமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையில் யாரிடமும் துண்டு இல்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம், ஒரு குழந்தைக்கு என்றோ ஒரு கிழவருக்கு என்றோ. அவர் பேசாமல் இருந்ததை அவளும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"ஆஃப் பண்ணிடட்டா?" என்று கேட்டார்.

"வேணாம். சத்தம் இருக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க பாருங்க," என்றாள்.

அவர் பார்த்தார். அப்படி ஒன்றை அவர் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. கறுப்பு டவுசர்காரன் மொட்டையனைக் கயிற்றில் சாய்த்து மார்பில் அறைந்தான். மொட்டையன் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். பொய்தான் என்று தெரிந்தது. ஆனால் விழுகிற உடம்பின் கனம் பொய்யில்லை, அதுவும் தெரிந்தது. எவன் ஜெயிக்கிறான் என்று பார்த்து அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணை எடுக்காமல் இருந்தார். நடுவில் வராந்தாவிலிருந்து இஸ்மாயில் எட்டிப் பார்த்து, வண்டி வந்துவிட்டதண்ணே, சாந்த்ராகாச்சி அவுட்டர் சிக்னலில் நிறுத்திவைத்திருக்கிறான் என்று சொன்னதைக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினார். மொட்டையன் மற்றவனைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டு அவன் மீது படுத்தான். நடுவர் தரையைத் தட்டினார். மணி அடித்தது.

"மொட்டைதான் ஜெயிச்சான் ராஜம்," என்று திரும்பினார்.

அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. தலையணை ஓரத்தில் எச்சில் கோடு ஈரமாக இருந்தது. மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்தார். இஸ்மாயிலைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடாமல், கொஞ்ச நேரம் அந்தக் கூச்சலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவுட்டரில் நின்ற வண்டியிலிருந்து இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து தினேஷ் வந்துசேர்ந்தபோது, சந்தியா பௌதி ராஜத்தின் தாடையைத் துணியால் கட்டி முடித்திருந்தாள். அவனுடைய பேன்ட் முழங்கால்வரை சேறு. வண்டியில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் இறங்கினேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன், கூடியிருந்த அக்கம்பக்கத்தார் விலகிக் கொடுத்த வழியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். யாரோ டி.வி.யை அணைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் கங்கைக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ராஜத்தின் அண்ணன்கள் வந்துசேர இரண்டு நாள் ஆகும் என்பதால் காத்திருக்கவில்லை. மின்சார அடுப்புக்கு வரிசை இருந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு கிழவரின் உடல் உள்ளே போன சிறிது நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. எப்போது வரும் என்று கேட்டதற்கு, அங்கிருந்தவன் கையை விரித்தான். இஸ்மாயில் மறுபடி போய்க் கேட்டுவிட்டு வந்து, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ராஜத்தைக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். அப்பாவும் மகனும் அருகிலிருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புழுக்கமாக இருந்தது. அடுத்த பெஞ்சில் வேறொரு குடும்பத்தார் மண்குவளைகளில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உத்தமன் மகன் பக்கம் திரும்பிக் கேட்டார். "சீனு யாருடா?"

"எந்த சீனு?"

அவர் சொன்னார். டி.வி. போடச் சொன்னதையும் துண்டைப் பற்றிக் கேட்டதையும் சொன்னார். தினேஷ் கேட்டுவிட்டு யோசித்தான். தலையை அசைத்தான்.

"எனக்குத் தெரியலப்பா. நான் எட்டாவது வந்ததுமே பாக்கறத விட்டுட்டேன். ஞாயித்துக்கெழமன்னா மைதானத்துக்கு ஓடிடுவேன். அம்மா எனக்காகத்தான் அதைப் பாத்துட்டு இருந்தாங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அது நான் விட்டதுக்கு அப்புறம் வந்த சண்டைக்காரனா இருக்கும். துண்ட கூட்டத்துல யாருக்காவது குடுப்பான் போல. பேரு அம்மாவே வச்சிருப்பாங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மெட்ராஸ் போன புதுசுல ஒருவாட்டி போன்ல, இன்னைக்கு அவன் ஜெயிச்சிட்டான்டான்னாங்க. குரலே ஒரு மாதிரி இருந்துது. யாரும்மான்னு கேட்டேன். ஒன்னுமில்ல, சாப்டியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சாப்டேன்னு சொன்னேன்."

அந்த நிகழ்ச்சி நின்று இரண்டு வருஷம் ஆகிறது என்று பாப்பி சொன்னதை உத்தமன் மகனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிறுவரை நாலு மணிக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை என்று பௌதி சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஒரு மணி நேரம் அவள் அந்த அறையில் என்ன பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்தார். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. இஸ்மாயில் இரண்டு குவளை டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். உத்தமன் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

மேலே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. கூடத்தின் கூரையில் தொங்கிய பழைய மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அடுத்த பெஞ்சுக்காரர்கள் குவளைகளைப் போட்டு உடைத்துவிட்டு எழுந்தார்கள். காற்றில் ராஜத்தின் மீது போர்த்தியிருந்த கோடித்துணியின் ஓரம் தூக்கித் தூக்கி அடித்தது. தினேஷ் பெஞ்சிலிருந்து இறங்கி, தரையில் குந்தி, அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளேயிருந்து ஒருவன் வந்து, கிழவருக்கு அடுத்தது யார் என்று கேட்டான்.

தினேஷ் கையை எடுக்கவில்லை.